மூணு வயசுல ‘அ’ எழுதலைன்னா என்ன ஆகிடும்?

அடுத்த ஜூனுக்கான எல்.கே.ஜி அட்மிஷனைப் பல தனியார் பள்ளிகள் பொங்கலுக்கு முன்பே ஆரம்பித்துவிடுகின்றன. ஃபீஸ் எவ்வளவு என்பதற்கு அடுத்து பெற்றோர் கேட்பது, ‘எப்போ எழுத வைப்பீங்க?’ என்றுதான். ‘எங்க யு.கே.ஜி பசங்க பேப்பரே படிப்பாங்க’ என்று சொல்லும் பள்ளிக்கு மவுசு அதிகம்.

இந்த அவசரத்துக்குப் பின்னால் ஒரு வயசுக் கணக்கு இருக்கு. தமிழ்நாட்டில் 5 வயது முடிந்தாலே ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். தேசிய கல்விக் கொள்கை 2020 சொல்வது 6 வயது. கேந்திரிய வித்யாலயாக்களிலும் 2022 முதல் அதுதான் கணக்கு. 5 வயதில் ஒன்றாம் வகுப்பு என்றால், எல்.கே.ஜி-க்குள் நுழையும்போது குழந்தைக்கு 3 வயசுதான். ஒன்றாம் வகுப்புக்காக யு.கே.ஜி-யில் அழுத்தம், யு.கே.ஜி-க்காக எல்.கே.ஜி-யில் அழுத்தம்!

விரல் ரெடியா?

பொதுவாக, 3 வயதுக் குழந்தை ஒரு வட்டத்தைப் பார்த்து வரையும். கூட்டல் குறி போட 4 வயசாவது ஆகும். சதுரம், முக்கோணம் எல்லாம் அதுக்கும் அப்புறம். நம்ம ‘அ’வைப் பாருங்க... சுழி, வளைவு, கோடு எல்லாமே ஒரே எழுத்தில். அது வரலைன்னா குழந்தை மக்கு இல்லை. விரல் இன்னும் தயாராகலை. மண்ணைப் பிசைவதும், சப்பாத்தி மாவு உருட்டுவதும், பாசி கோப்பதும் அந்த விரலுக்கான பயிற்சிதான். பல்லாங்குழியின் 14 குழிகளிலும் சோழி போட்டு எண்ணும் குழந்தை கணக்குதான் படிக்குது.

அதுக்காகப் படிப்பே வேண்டாம் என்பதில்லை. கதை, பாட்டு, படப்புத்தகம் இதெல்லாம் இந்த வயசுக்கான படிப்புதான். தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம்கூட, வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் கைவர மூன்றாம் வகுப்பு வரை அவகாசம் தருது. அதாவது, 8 வயசு வரை. நாம ஏன் 3 வயசுலயே பதறணும்?

பள்ளியில் என்ன கேட்கலாம்?

* ஒரு நாளில் எவ்வளவு நேரம் வெளியே விளையாட விடுவீங்க?

* எல்.கே.ஜி-க்கு ஹோம்வொர்க் உண்டா?

* எழுத வராத குழந்தையை என்ன செய்வீங்க?

அப்படியே வகுப்பறைச் சுவரையும் ஒரு பார்வை பாருங்க. 25 குழந்தைகள் வரைந்த மாம்பழமும் ஒரே மாதிரி இருந்தால், வரைந்தது குழந்தைகள் இல்லை. கிறுக்கலும் கோணலுமாக ஆளுக்கொரு மாம்பழம் இருந்தால், தைரியமா அப்ளிகேஷன் வாங்குங்க!