ஒரு வாய்தானே என்று சொல்லும் உறவுகளுக்கு

பிராம்ப்டன், கனடா
ஆனிக் கடைசி

கும்மிடிப்பூண்டியிலும், கவரைப்பேட்டை, எளாவூர், ஆரம்பாக்கம் பக்கமும் இருக்கும் என் சொந்தபந்தங்களுக்கும் தெருக்காரர்களுக்கும்,

இந்த ஆடிக்குக் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறோம். வருவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

போன தடவை நாங்கள் வந்துபோன பிறகு ஊரில் என்ன பேச்சு நடந்தது என்று என் காதுக்கும் வந்தது. "கனடா போனதும் நாக்கு மாறிடுச்சு, கோதும ஆவாதாம்" என்று ஒருவர். "கல்யாணப் பந்தியில குழந்தைய உக்கார வெச்சு, ஒண்ணும் வெக்காதீங்கன்னு கைய மறிச்சாங்க" என்று இன்னொருவர். எனக்குக் கோபம் இல்லை. அதே இடத்தில் வேறு ஒருவர் அப்படிச் செய்திருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். சிப்காட் தொழிற்பேட்டை ரோலிங் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து, ரோட்டோரக் கடையில் நாலு பரோட்டாவைப் பிய்த்துப்போட்டுச் சால்னாவை ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு இது. கோதுமை ஒரு குழந்தையைப் படுக்கவைக்கும் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

என் மகள் மூன்று வயதில் இங்கே வந்தாள். ஊரில் இருந்தவரை இட்லி, சோறு, எப்போதாவது ஒரு பூரி. இங்கே வந்ததும் காலையில் சீரியல், பள்ளிக்கூடத்துக்கு சாண்ட்விச், ராத்திரி பாஸ்தா. ஐந்து வயதில் வயிறு உப்பத் தொடங்கியது. கை கால் குச்சியாகவே இருந்தது. ரத்தம் இல்லை என்று இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள். ஒரு வருடம் குடித்தும் ஏறவில்லை. ஊருக்கு வந்தபோது பூச்சி மருந்து கொடுத்தோம், மந்திரித்துக் கயிறும் கட்டினோம். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனை, அதற்கப்புறம் குழாய் விட்டுச் சிறுகுடலில் இருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்ததில் தெரிந்தது. சீலியாக் நோய்.

பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அது கிழியாமல் வேட்டி மாதிரி விரிகிறதே, அந்த இழுவைக்குக் காரணமான புரதத்தின் பெயர் குளூட்டன். கோதுமையிலும் பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் அது இருக்கிறது. சீலியாக் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால் உடம்பின் காவல் படை தன் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலுக்குள் பூத்துண்டின் இழைகள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிப்போகும். அப்புறம் எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது. இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் அந்தத் தானியங்களைத் தொடாமல் இருப்பது ஒன்றுதான் வைத்தியம். விட்டுவிட்டால் குடல் மெல்ல ஆறிவிடும். என் மகளுக்கு ஆறியது. ஒரே வருடத்தில் பாவாடையெல்லாம் குட்டையாகிப்போனது.

கோதுமைதான் காரணம் என்று கண்டுபிடித்த கதையிலும் பசி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், நெதர்லாந்தில் ரொட்டிக்குப் பஞ்சம். ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது இந்த நோய் இருந்த குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமை மேல் ஏற்கெனவே சந்தேகம் வைத்திருந்த வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் அதைக் கவனித்து, 1950இல் ஆய்வேடாக எழுதினார்.

இப்போது போன தடவை நடந்ததைச் சொல்கிறேன். அம்மா வீட்டில் சப்பாத்தி கிடையாது, ரவை கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். அம்மாவும் சொன்னதைச் சொன்னபடி செய்தார். சோறு, ரசம், அப்பளம், முட்டை, இதைத் தவிர வேறில்லை. மூன்றாம் நாள் பிள்ளைக்கு வயிறு கலங்கியது. வாந்தி. அத்தைகள் எல்லோரும் தண்ணீரைக் குறை சொன்னார்கள். நானும் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். என் மனைவிதான் அடுப்படியில் ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் படித்துக்கொண்டே வந்தாள். பெருங்காய டப்பாவில் நின்றாள்.

ரசத்தில் போட்ட பெருங்காயத்தில் கோதுமை மாவு இருந்தது.

பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து வரும் ஒரு செடியின் பிசின். அப்படியே போட்டால் காரமும் வாடையும் தாங்காது. அதனால் கருவேலம் பிசின் வகையையும் மைதா மாவையோ அரிசி மாவையோ கலந்துதான் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். டப்பாவில் அது அச்சடித்தே இருக்கிறது. என்ன, ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் இருக்கிறது. என் அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. "என் கையாலயே குழந்தைக்கு வெஷம் வெச்சிட்டனே" என்று உட்கார்ந்திருந்தார். அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. யார் மேலும் தப்பில்லாத விஷயத்துக்கு ஒரு கிழவி பட்டினி கிடந்தாள். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

நம் ஊரில் கோதுமைக்குக் கோதுமை என்று பெயர் கிடையாது. ரவை என்கிறோம், மைதா என்கிறோம், சேமியா என்கிறோம். ரவை உப்புமா கோதுமை என்றால் நம்மில் பாதிப் பேர் நம்ப மாட்டோம். 'கோதும ரவ'ன்னு தனியா ஒண்ணு இருக்கே, அப்போ இது வேறதானே என்பார்கள். மைதாவைக் கிழங்கு மாவு என்று சத்தியம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கேசரி, ரவா லட்டு, சேமியா பாயசம், சமோசா, டீக்கடை பொறை, பிஸ்கட், எல்லாம் அதே தானியம்தான். உடம்பு சரியில்லை என்றால் நாம் வாங்கிக்கொண்டு போவது என்ன? ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பிரெட் பாக்கெட். ஹார்லிக்ஸ் செய்வது கோதுமையிலும் முளைகட்டிய பார்லியிலும். என் மகள் படுத்திருந்தபோது அவளைப் பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனதும் அந்த இரண்டுதான். அன்போடு வைத்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அகதிகள் முகாமில் இருக்கும் அக்கா ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், என் மகளுக்கென்று புட்டு அவித்துக் கொண்டுவந்தார். கொடுப்பதற்கு முன்னால் அவரே சொன்னார், "இதுல கோதுமை மா கொஞ்சம் கலந்திருக்கு தம்பி, பிள்ளைக்கு ஆகுமோ?" அவர் ஒருவர்தான் கேட்டார். மறுநாள் சிவப்பரிசி மாவில் இடியாப்பம் பிழிந்து அனுப்பினார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றால் போனில் சொல்லி முடித்திருப்பேன். உங்களுக்கும் இது வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

2016இல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. வேலூரில் பணியாற்றிய மருத்துவர் ராமகிருஷ்ணாவும் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களும் சேர்ந்து, வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்தார்கள். வடக்கில் பத்தாயிரம் பேரில் 123 பேருக்கு ரத்தத்தில் சீலியாக் ஆன்டிபாடி இருந்தது. நம் பக்கம் பத்தே பேர். ஆனால் இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு என்கிற கணக்கில் இருந்தது. வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கில் ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட, இங்கே 25 கிராம். கோதுமை மட்டுமே கணக்கு என்று சொல்லிவிட முடியாது. வடகிழக்கில் கோதுமை குறைவு, நோயோ அவ்வளவு குறையவில்லை. ஆனாலும் ஒன்று தெளிவு. நம் ரத்தம் நம்மைக் காப்பாற்றவில்லை. நம் சோற்றுப்பானைதான் இதுவரை காப்பாற்றியிருக்கிறது.

அந்தத் தட்டு இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. சுகர் என்று சொன்னதும் ராத்திரிக்குச் சப்பாத்தி. பிள்ளைகளுக்கு நூடுல்ஸ். பள்ளிக்கூடங்களில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பொங்கலும் உண்டு, ரவை உப்புமாவும் சேமியாவும் கோதுமை ரவைக் கிச்சடியும் உண்டு. அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. பசியோடு பிரேயரில் நின்று மயங்கி விழுந்தவன் நான், கும்பிடத்தான் தோன்றுகிறது. உப்புமா நாளில் மட்டும் ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டால், அது பொய் சொல்வதாக டீச்சர் முடிவு கட்டிவிடக் கூடாது. அவ்வளவுதான்.

இன்னொன்று. நம் ஊர் இப்போது நம்முடைய ஊர் மட்டும் இல்லை. சிப்காட்டின் உலைகளிலும் ஷெட்டுகளிலும் வேலை செய்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் ரொட்டி தின்று வளர்ந்தவர்களுக்கு இந்த நோய் வர வாய்ப்பு அதிகம். அவர்கள் போய் நிற்பதோ இதை அபூர்வமாகவே பார்க்கும் நம் பக்கத்து டாக்டர்களிடம். மொழியும் தெரியாது. தமிழ்நாட்டில் வேறு எந்த ஊர் இதைத் தெரிந்துவைத்திருக்கிறதோ இல்லையோ, கும்மிடிப்பூண்டி தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லோரும் சப்பாத்தியைத் தூக்கிப்போட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்குக் கோதுமை ஒன்றும் செய்யாது. இங்கே உடம்பு இளைக்க வேண்டும் என்று குளூட்டனை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களால்தான் உண்மையான நோயாளி கேட்கும்போதும் ஓட்டல்காரர் நமட்டுச் சிரிப்பு சிரிக்கிறார். சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் சோதித்துவிடுங்கள். நிறுத்திவிட்டுச் சோதித்தால் ரத்தத்தில் தெரியாமல் போகலாம். டிடிஜி ஆன்டிபாடி என்று கேட்டால் மருத்துவருக்குப் புரியும். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் கூடப் பிறந்தவர்களிலும் பெற்றவர்களிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்பதால் நாங்கள் எல்லோரும் சோதித்துக்கொண்டோம். எங்களுக்கு இல்லை. இருந்தும் வீட்டில் கோதுமை மாவு வருவதை நிறுத்திவிட்டோம்; ஒரே தோசைக்கல்லில் சப்பாத்தி போட்டுவிட்டு அவளுக்குத் தோசை ஊற்ற முடியாது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாவுக்கும் இதே நோய். கோதுமையே தெய்வமான வீட்டில் பிறந்து இப்போது மக்காச்சோள ரொட்டி தட்டுகிறார். அவரிடம் நாங்களும் கற்றுக்கொண்டோம்.

இங்கே குளூட்டன் இல்லாத ரொட்டி யானை விலை. கூடுதலாகக் கொடுத்த பணத்தை மருத்துவச் செலவாக வருமான வரியில் காட்டலாம் என்று அரசாங்கம் சலுகை தருகிறது, ரசீதுகளைக் கோத்துவைக்கிறேன். அந்த ரசீதுகளைப் பார்க்கும்போதெல்லாம் நம் அம்மன் கோயில் கூழ் அண்டா ஞாபகம் வரும். கேழ்வரகு மாவும் அரிசி நொய்யும். ஒரு சொட்டு குளூட்டன் கிடையாது. சும்மா ஊற்றுகிறார்கள்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். கூழுக்கு மாவு அரைக்கும்போது, மில்லில் நமக்கு முன்னால் கோதுமை ஓடியதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஓடியிருந்தால் முதல் இரண்டு படி மாவைத் தனியாக எடுத்துவிட்டு மிச்சத்தில் என் மகளுக்கு ஒரு சொம்பு எடுத்துவையுங்கள். அம்மாவுக்கு அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் வாங்கிக் கொடுங்கள். டப்பாவை யாராவது பிள்ளை படித்துச் சொல்லட்டும். "ஒரு வாய் சாப்ட்டா இன்னா ஆயிடப் போவுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வாயில்தான் ஆகும்.

கடைசியாக ஒன்று. அம்மாவின் லைன் வீட்டில் கோடி அறையில் குடியிருக்கிற பீகார்க்காரக் குடும்பத்தில் ஒரு பையன் இருந்தான். ஐந்து வயது என்றார்கள், மூன்று வயதுப் பிள்ளை அளவுதான் இருந்தான். வயிறு மட்டும் பானை. நான் வந்திருந்தபோது வாசலில் உட்கார்ந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டு என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பூச்சி என்று அவன் அம்மா சைகையில் சொன்னார். அது பூச்சியாகவே இருக்கலாம், வெறும் பசியாகவும் இருக்கலாம். எனக்கு இந்தி தெரியாது. சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன். அவனை யாராவது திருவள்ளூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ கூட்டிப்போய், அந்த ஒரு ரத்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேட்டீர்களானால் வண்டிச் செலவை நான் கொடுக்கிறேன்.

அவர்கள் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறார்களா? பதில் போடுங்கள்.

உங்கள்,
கோடி வீட்டுப் பெரிய பையன்