ஒரே தாளில் நாலு கட்டம்

எங்கள் தெருவில் ரிட்டையர் ஆன ரயில்வே கார்டு ஒருவர் இருக்கிறார். இழுப்பு உண்டு. ஆனாலும் காலையில் ஒரு நடை நடந்து வராவிட்டால் அவருக்கு அன்றைய பொழுது ஓடாது. போன வருஷம் நான் போட்டு அனுப்பிய ஒரு கிராஃபைப் பார்த்துவிட்டு அவர் நடக்கிற பாதையை மாற்றிக்கொண்டார். போகக்கூடாத பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். தப்பு அவருடையது இல்லை, என்னுடையது.

வள்ளூர்க்காரர்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1500 மெகாவாட் அனல்மின் நிலையம் ஊரிலேயே இருக்கிறது. மணலியும் எண்ணூரும் பக்கம். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வேறு. மாடியில் காய்ந்த வேட்டியை நாலு உதறு உதறித்தான் மடிக்கிறோம். இதையெல்லாம் வாயால் புலம்பிக்கொண்டே இருக்கிறீர்களே என்று மகன் ஒரு கையடக்கத் தூசிமானி வாங்கித் தந்தான். ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் நுண்தூசி என்று காட்டும். விலை குறைந்த கருவி, துல்லியம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இடத்துக்கு இடம் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

இரண்டு மாதம் தினமும் காலையில் ஒரு சுற்று போனேன். எங்கள் மொட்டை மாடி, குளத்தங்கரை, பள்ளிக்கூடத் தெரு, லாரிகள் திரும்புகிற முனை என்று நாலு இடம். எல்லாம் நோட்டில் ஏறியது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டபோது, புள்ளியியல் படிக்கும் பேத்திதான் ‘ஆர்’ மென்பொருளைப் போட்டுத் தந்தாள். காசு கிடையாது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர் ஆரம்பித்தது. இன்று உலகமெங்கும் புள்ளிவிவரக்காரர்கள் கையில் இருக்கிறது. எழுபதை நெருங்குகிறவன் கையிலும் வந்து சேர்ந்துவிட்டது.

ஒரு தாளில் நாலு கிராஃப் போட ‘பார்’ என்று ஒரு ஆணை. அதற்குள் ‘எம்.எஃப்.ரோ’ என்று எழுதி, இரண்டு வரிசை, வரிசைக்கு இரண்டு கட்டம் என்று கேட்க வேண்டும். கேட்டேன். ‘ஃபிகர் மார்ஜின்ஸ் டூ லார்ஜ்’ என்று சிவப்பில் திட்டியது. ஒரு குட்டி ஜன்னலில் நாலு கட்டத்தையும் அவற்றின் ஓரங்களையும் திணித்தால் படம் வரைய இடம் எங்கே என்று அர்த்தம். ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கி, ஓரங்களைக் குறைத்ததும் வந்தது. நாலு கட்டம், நாலு கோடு, பார்க்க அழகு. பெருமை தாங்கவில்லை. தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்.

கார்டு மறுநாள் வழியில் பார்த்துச் சொன்னார்: “எல்லா எடமும் ஒரே மாதிரிதானே சார் இருக்கு. நான் வேற குளத்தங்கரை வரைக்கும் சுத்திக்கிட்டுப் போறேன். இனிமே முனைப் பக்கமே நடந்துட்டு வந்துடறேன்.”

நானும் தலையை ஆட்டினேன். பத்து நாள் கழித்து அவர் வீட்டில் நெபுலைசர் சத்தம் கேட்டது. காரணம் அந்த முனைதான் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அன்று ராத்திரி என் படத்தைத் திறந்து, முதல் முறையாக இடது ஓரத்து எண்களைப் படித்தேன். குளத்தங்கரைக் கட்டத்தில் ஸ்கேல் 50-ல் முடிகிறது. லாரி முனைக் கட்டத்தில் 200 வரை போகிறது. கோடுகள் இரண்டும் ஒரே உயரத்தில் நெளிகின்றன.

அந்தக் காலத்து ஸ்டுடியோவில் குட்டையான மாப்பிள்ளைக்குக் காலடியில் ஸ்டூல் போட்டு போட்டோ எடுப்பார்களே, அதே வேலைதான். ‘பார்’ ஆணையில் ஒவ்வொரு கட்டமும் தன்னிடம் உள்ள எண்களுக்குத் தக்கபடி ஸ்கேலைத் தானே போட்டுக்கொள்ளும். பக்கத்துக் கட்டத்தில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்காது. எக்செலில் நாலு சார்ட் போட்டு ஒட்டினாலும் இதே கதைதான். எண் ஒன்றுகூடப் பொய் இல்லை, ஆனாலும் ஆளை ஏமாற்றியது.

திருத்துவது ஒரு வரி வேலை. நாலுக்கும் ‘ஒய்லிம்’ 0 முதல் 200 என்று ஒரே அளவு கொடுத்தேன். 60-ல் ஒரு சிவப்புக் கோடும் இழுத்தேன். 2009-இல் அறிவிக்கப்பட்ட நம் நாட்டுத் தரத்தில் நுண்தூசிக்கு 24 மணி நேர வரம்பு அதுதான். என் காலை நேர அளவோடு நேருக்கு நேர் வைக்கக்கூடாது, ஒரு அடையாளத்துக்குத்தான். (உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15. அதைப் போட்டால் தெருவே பயந்துவிடும் என்று விட்டேன்.) கொத்தனார் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிற மாதிரி, சிவப்புக் கோடு நாலு கட்டத்திலும் ஒரே உயரத்தில் ஓடியது. குளத்தங்கரைக் கோடு அதற்குக் கீழே படுத்துக் கிடந்தது. முனைக் கோடு தாண்டித் தாண்டிக் குதித்தது.

அச்செடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

“இது வேற கணக்கா சார்?”

“இல்ல சார். அதே நோட்டு, அதே நம்பர்.”

ரொம்ப நேரம் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

கட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஒரே தாளில் போடுகிறோம் என்றால் ஸ்கேல் ஒன்றாக இருக்க வேண்டும். தனித்தனி ஸ்கேல் வேண்டும் என்கிறவர்தான் கேட்டு வாங்க வேண்டும். இது என் புது கண்டுபிடிப்பு இல்லை. ‘ஆர்’ மென்பொருளிலேயே ‘லாட்டிஸ்’ என்று ஒரு தொகுப்பு உண்டு. எழுதியவர் தீபாயன் சர்க்கார், நம் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் டெல்லி மையப் பேராசிரியர். அதில் ஒன்றும் சொல்லாமல் விட்டால் எல்லாக் கட்டத்துக்கும் ஒரே ஸ்கேல்தான். ‘ஜிஜிபிளாட்2’ தொகுப்பில் ‘ஃபேசெட்’ போட்டாலும் அப்படியே. நான்தான் பழைய ஆணையில் போய் மாட்டிக்கொண்டேன்.

லாட்டிஸுக்கு முன்னோடி, அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் கிளீவ்லண்டும் சகாக்களும் செய்த ‘ட்ரெல்லிஸ்’ படங்கள். அவர்கள் காட்டிய உதாரணம் பிரசித்தம். மினசோட்டாவில் ஆறு ஊர், பத்து ரகம் பார்லி, 1931, 1932 என்று இரண்டு வருஷ விளைச்சல். ஃபிஷர் போன்ற மேதையே 1935-இல் தன் புத்தகத்தில் எடுத்தாண்ட கணக்கு. பல பத்தாண்டுகள் எத்தனையோ பேர் கையில் புரண்டது. ஆறு ஊரையும் ஒரே ஸ்கேலில் கட்டம் கட்டமாகப் போட்டதும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஐந்து ஊரில் 1931-இல் விளைச்சல் அதிகம், மாரிஸ் என்ற ஊரில் மட்டும் தலைகீழ். வருஷத்தை மாற்றி எழுதிவிட்டார்கள் என்றார் கிளீவ்லண்ட். பிறகு 2013-இல் கெவின் ரைட் என்பவர் கூடுதல் வருஷங்களின் கணக்கையும் வானிலையையும் பார்த்து, தப்பே இல்லாமல் இயற்கையாகவும் நடந்திருக்கலாம் என்றார். அது எப்படியோ போகட்டும், கேள்வியாவது எழுந்ததே.

பக்கத்தில் பக்கத்தில் வைப்பதா, ஒன்றன்கீழ் ஒன்றாக வைப்பதா என்பதும் விளையாட்டு இல்லை. உயரத்தை ஒப்பிட வேண்டுமானால் பக்கத்தில் வையுங்கள், கண் நேராக ஓடும். நேரத்தை ஒப்பிட வேண்டுமானால் ஒன்றன்கீழ் ஒன்று. இதை நான் கற்றது கம்ப்யூட்டரில் இல்லை. நான் வேலை பார்த்த மின்நிலையத்துக் கண்ட்ரோல் ரூமில், நீராவி அழுத்தம், வெப்பம், டிரம் மட்டம் எல்லாவற்றுக்கும் தனித்தனி ரெக்கார்டர், காகிதச் சுருளில் பேனா கோடு போட்டுக்கொண்டே இருக்கும். யூனிட் ட்ரிப் ஆனால் காகிதங்களைக் கிழித்து மேஜையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பரப்பி, எந்தப் பேனா முதலில் துள்ளியது என்று பார்ப்போம். அங்கே அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் ஒரே ஸ்கேல் கேட்பது முட்டாள்தனம். ஆனால் காகிதம் ஓடும் வேகமும் கடிகாரமும் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஒரு தடவை ஒரு ரெக்கார்டர் சில நிமிஷம் பிந்தி ஓடியதில், ஒரு பாவமும் அறியாத ஆபரேட்டர் மேல் பழி விழுந்து மெமோ வரைக்கும் போனது. இரண்டு நாள் கழித்துத்தான் உண்மை தெரிந்தது.

ஒரே ஸ்கேலுக்கும் தொல்லை உண்டு, மறைக்கவில்லை. போகியன்று காலை எங்கள் தெருவில் பழைய பாயும் டயரும் எரிந்தபோது அளவெடுத்தேன். அந்த ஒரு நாளுக்காக ஸ்கேல் ஆகாசத்துக்குப் போய், மற்ற எல்லா நாளும் தரையோடு ஒட்டிக்கொண்டது. போகியை எடுத்துத் தனிப் படமாகப் போட்டு, ‘ஸ்கேல் வேறு’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன். பேத்தி அது படத்தின் அழகைக் கெடுக்கிறது என்கிறாள். கெடுக்கட்டும்.

கார்டு இப்போது மறுபடியும் குளத்தங்கரைக்குத்தான் போகிறார். போன வாரம் வாசலில் நிறுத்தி, “காலையில சரி சார், சாயங்காலம் கடல்காத்து வர்ற நேரத்துக்கு எப்படி இருக்கும்?” என்று கேட்டார். மானியைச் சார்ஜில் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை நாலு கட்டமும் ஒன்றன்கீழ் ஒன்றாக.