கடன்தாரருக்கு விளங்கும் பாஷை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில், கூடக் கையொப்பமிட ஆளின்றித் தனியொருவராய் வீடு வாங்க நினைக்கும் உத்தியோகஸ்தர், பாங்கிகளின் வட்டி விகிதங்களை இரவெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கிறார். நல்ல காரியமே. ஆயினும் தவணைக் காலத்தை அவர் அதனினும் கூர்ந்து நோக்கவேண்டும். 30 லட்ச ரூபாயை 8.5 சதவிகித வட்டிக்கு 20 வருஷத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 26,000. செலுத்தும் மொத்தமோ ஏறக்குறைய 62.5 லட்சம். 15 வருஷமாயின் மாதம் 3,500 கூடும். மிச்சம் 9 லட்சத்துக்கு மேல். விவசாயி அசலைப்போல் இருமடங்கு செலுத்தியிருந்தால், 1932 அக்டோபருக்கு முந்திய கடன் அடியோடு தீர்ந்ததென விதித்தது 1938-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டம்! அத்தகைய தயாளத்தை இன்று நாம் கேட்கவில்லை.

உள்ள உரிமையையேனும் வற்புறுத்தலாகாதா? 2024 அக்டோபர் 1 முதல், வட்டியும் இதர கட்டணங்களும் சேர்ந்த வருஷ விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரப் பத்திரத்தைக் கடன்தாரருக்கு விளங்கும் பாஷையில் அளித்து விளக்கவேண்டும். யோசிக்க மூன்று வேலை நாட்களேனும் தரவேண்டும். இது ரிஸர்வ் பாங்கியின் உத்தரவு. தமிழருக்கு விளங்கும் பாஷை தமிழல்லாமல் வேறென்ன? அந்த ஆங்கில வாசகங்கள் வக்கீலாகிய நமக்கே சலிப்பூட்டுபவை. கடன் வாராக்கடனானால், 2002-ஆம் வருஷச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸுக்குப் பின் பாங்கி வழக்காடாமலே வீட்டைக் கைப்பற்றலாம். தனியாய் நிற்பவருக்குத் தவணையைப் பங்கிட்டுக்கொள்ள ஒருவருமில்லை. தமிழ்ப் பத்திரம் கைக்கு வருமுன் அவர் கையொப்பமிடலாகாது. கேட்குமுன்னரே அதனைக் கொடுக்கும்படி பாங்கிகள் தங்கள் கிளைகளுக்கு உடனே கட்டளையிட வேண்டும்.