பேர்னாட் ஷாவும் படுவான்கரையும்

பேர்னாட் ஷா என்றவுடன் நம்மவர் பலருக்கு நினைவில் எழுவது வெண்தாடியும், துடுக்கான விடைகளும், மேடைப் பேச்சாளர் எடுத்து வீசும் நகைச்சுவைத் துணுக்குகளுமேயாம். அத்துணுக்குகளிற் பல அவர் வாயிற் பிறந்தனவா என்பதே ஐயம். அவற்றைக் கேட்டுச் சிரித்துக் கலையும் நாம், அம்மனிதர் தம் வாழ்நாளெல்லாம் எதற்காக எழுதினார் என்று ஒருபோதும் எண்ணிப் பார்த்தோமில்லை. சிரிப்பு அவருக்கு உறை. உள்ளே இருந்தது வாள். அந்த வாள் ஆங்கிலேயனை மட்டும் குறிவைத்ததன்று. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் நம்மையும், கற்று உத்தியோகம் பார்ப்போரையும் கமம் செய்வோரையும், அது தொடுகின்றது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

வாடகை வசூலித்த சிறுவன்

ஷா 1856ஆம் ஆண்டு யூலை 26ஆம் நாள் அயர்லாந்தின் டப்ளின் நகரிற் பிறந்தார். பெயரளவிற் பெரிய குடும்பம்; கையிற் பணமில்லை. 1871இல், பதினைந்து வயதில், பள்ளியை விட்டு, நிலவுடைமையாளரின் சொத்துகளைப் பராமரிக்கும் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். ஏழைக் குடியிருப்பாளரிடம் வாடகைப் பணம் பெறுவதும் அங்கே அவருக்கு வாய்த்த பணிகளுள் ஒன்று. பத்தொன்பது வயதில் இலண்டன் சென்றார். 1884இல் பேபியன் சங்கத்திற் சேர்ந்து, சமவுடைமைக் கொள்கைக்காகத் தெருமுனைகளிற் பேசினார். நாடகத்துக்கு வந்தது அதற்குப் பிறகே. 1925ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. தொண்ணூற்று நான்கு வயது வாழ்ந்து, 1950 நவம்பரில் மறைந்தார்.

அவருடைய முதல் நாடகமாகிய ‘விடோவர்ஸ் ஹவுசஸ்’ 1892 டிசெம்பரில் இலண்டனில் மேடையேறியது. கதை எளியது. ட்ரெஞ்ச் என்னும் இளம் வைத்தியர் ஒருவர், சார்ட்டோரியஸ் என்ற செல்வரின் மகளைக் காதலிக்கிறார். அச்செல்வரின் பணம் சேரிக் குடிசைகளின் வாடகையிலிருந்து பிழியப்படுவதென்பதை வாடகை வசூலிப்பவனிடமிருந்து அறிகிறார். உடைந்த படிக்கட்டைத் திருத்தச் சிறுதொகை செலவிட்ட குற்றத்துக்காக வேலை இழந்தவன் அவன். வைத்தியரின் உள்ளம் கொதிக்கிறது. அந்தப் பணம் ஒரு காசும் வேண்டாம் என்கிறார். அப்போது சார்ட்டோரியஸ் அமைதியாக ஒன்றைச் சொல்கிறார்: வைத்தியருக்கு ஆண்டுதோறும் வரும் எழுநூறு பவுண் வருமானமும் அதே சேரியின் மீதுள்ள ஈட்டுக்கடனின் வட்டிதான் என்று. நியாயம் பேசிய வாய் அடைத்துப் போகிறது. முடிவில் எல்லோரும் பங்காளிகளாகி விடுகின்றனர்; வேலை இழந்தவனும் கூட.

இங்கே கொடியவன் என்று ஒருவனைச் சுட்டிக் கல்லெறிய முடியாது. அதுவே ஷாவின் தனிச்சிறப்பு. தமிழகத்தில் அறிஞர் அண்ணாவின் ‘ஓர் இரவு’ நாடகத்தைக் கண்டு கல்கி அவர்கள் அவரைப் பேர்னாட் ஷாவுடன் ஒப்பிட்டுப் போற்றியதும், ‘தென்னாட்டு பேர்னாட் ஷா’ என்ற பெயர் அவருக்கு நிலைத்ததும் யாவரும் அறிந்தவை. அண்ணாவின் ‘வேலைக்காரி’ நம் மக்களைத் தட்டியெழுப்பியது உண்மை. ஆயினும் அங்கே கொடுமைக்காரர் ஒருவர் உண்டு; பார்ப்பவன் தன்னை ஏழையின் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்பலாம். ஷா அந்த நிம்மதியைத் தருவதில்லை. “நீ உடுத்திருக்கும் சட்டை யார் வியர்வையில் வந்தது?” என்று நாற்காலியில் இருப்பவனையே கேட்கிறார்.

இரு கரைகளின் கணக்கு

இக்கேள்வியை நம் வாவிக்குக் கொண்டு வருவோம். ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையிற் பள்ளிகளும், கந்தோர்களும், கடைத்தெருக்களும், கோட்டையும். படுவான்கரையில் வயல்வெளிகளும், குளங்களும், மாடுகளும், உழைப்பும். கல்லடிப் பாலம் 1924இலேயே கிடைத்தது. மண்முனைத் துறைக்குப் பாலம் கிடைத்தது 2014இல். தொண்ணூறு ஆண்டு இடைவெளி! அத்தனை காலமும் படுவான்கரையின் நெல் ‘பாதை’யிலேறி இக்கரைக்கு வந்தது, இக்கரையின் பள்ளிக்கூடமும் ஆசுபத்திரியும் அதே வேகத்தில் அக்கரைக்குப் போயினவா?

போடியார் முறையை நாம் அறிவோம். நிலமும் விதைநெல்லும் போடியாருடையவை, உழைப்பு முல்லைக்காரனுடையது. சூடு மிதித்துப் பொலி தூற்றியபின் களவெட்டியிற் கணக்குப் பார்க்கும்போது, வாங்கிய முற்பணமும் அதன்மேல் ஏறியதும் கழிந்து, உழைத்தவன் வீட்டுக்குக் கொண்டு போனது எத்தனை மரைக்கால்? போடியார் எல்லோரும் கொடியவரல்லர். வெள்ளத்தில் விதைப்பு அழிந்தால் அடுத்த போகத்துக்கு விதை கொடுத்தவரும், கோவிற் சடங்கையும் கூத்தையும் தாங்கியவரும் அவர்களே. ஆனால் நல்லவர் கையில் இருந்தாலும் அநீதியான கணக்கு அநீதியான கணக்கே. ஷா சொன்னதும் இதுதான்.

இதை எழுதுபவனும் விதிவிலக்கல்லன். என் படிப்புச் செலவுக்குப் பணம் வந்தது வெல்லாவெளிப் பக்கத்து வயலொன்றின் நெல்லிலிருந்து. அந்த வயலில் அரிவாள் பிடித்தவர் பெயரை நான் கேட்டதேயில்லை. ட்ரெஞ்ச் என்ற அந்த வைத்தியரை ஏட்டிற் சந்தித்தபோதுதான் கேட்கத் தோன்றியது. அப்போது சொல்வதற்கு வீட்டில் ஒருவரும் உயிரோடில்லை.

1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தை விவசாய அமைச்சராயிருந்த பிலிப் குணவர்த்தனா கொண்டு வந்தார். குத்தகைக் கமக்காரனுக்கு உறுதியான உரிமையும், நிலவாடகைக்கு வரம்பும் தருவது அதன் நோக்கம். நடந்ததென்ன? தீவெங்கும் நிலவுடைமையாளர் பலர் குத்தகையாளரை வெளியேற்றினர். இருந்தவரைக் கூலியாள் என்று பதிந்தனர். சட்டத்தை வளைக்கும் வழியைக் காட்டியவர் யார்? படித்தவர்தாம். 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய நெற்காணிக்கு 25 ஏக்கர் என எல்லை வகுத்தது. இன்று போடியார் என்ற பட்டம் மங்கிவிட்டது. அறுவடை இயந்திரம் வந்து, அரிவாள் பிடித்த கைகளை வீட்டில் இருத்திவிட்டது. ஆனால் வட்டி மங்கவில்லை. போருக்குப் பின் வந்த நுண்கடன் நிறுவனங்களின் கிழமைத் தவணை, எத்தனையோ ஏழைப் பெண்களின் அடுப்படி வரை வந்து நின்றது. 2018இல் அரசே அக்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. சார்ட்டோரியஸ் இறக்கவில்லை, உடையை மாற்றிக்கொண்டார், அவ்வளவே.

விடுதலையும் நிலமும்

ஷாவின் நாடகங்களுள் நமக்கு மிக அண்மையானது ‘ஜோன் புல்லின் மற்றைய தீவு’. கவிஞர் யேற்ஸ் கேட்டுக்கொண்டபடி டப்ளின் அரங்குக்காக எழுதப்பட்டு, அங்கே ஏற்கப்படாமல், 1904இல் இலண்டனில் மேடையேறியது. எட்வேட் மன்னர் சிரித்த சிரிப்பில் நாற்காலி முறிந்தது என்று கதை வழங்குகிறது. ஆள்வோர் சிரித்தனர்; ஆளப்பட்டோர் சினந்தனர். இருவரும் தம்மைப் பற்றியதே அது என்பதை உணரவில்லை.

அதிலே அயர்லாந்து விவசாயி ஒருவன் வருகிறான். பெருநிலக்காரனோடு போராடிச் சொந்த நிலம் பெற்றவன். ஆனால் நிலமற்ற கூலியாளுக்கும் நல்ல ஊதியம் வேண்டும் என்று ஒருவர் சொன்னவுடன், நேற்றைய போராளி இன்றைய பெருநிலக்காரனாகிச் சீறுகிறான். ஊரார் அந்த உண்மை பேசியவரை ஒதுக்கிவிட்டு, இனிக்க இனிக்கப் பேசும் ஆங்கிலேயனைப் பாராளுமன்றத்துக்கு அனுப்ப முன்வருகின்றனர். அந்த ஆங்கிலேயனோ நிலத்தின் பெறுமதிக்கு மேலாகக் கடன் கொடுத்து, கடன் முறிந்ததும் நிலத்தை எடுத்து, விடுதியும் விளையாட்டுத் திடலும் அமைக்கத் திட்டமிடுகிறான். பாசிக்குடாவில் 2009க்குப் பின் எழுந்த விடுதிகளையும், கரைக்குச் செல்லும் வழி பற்றி மீனவர் எழுப்பிய கேள்வியையும் அறிந்தவர்க்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது.

இன உரிமைப் போராட்டத்தை ஷா இகழ்ந்தாரல்லர். ஒடிக்கப்பட்ட தேசிய உணர்வு ஒடிந்த எலும்பு போன்றது. அது பொருந்தும்வரை வேறு நினைவு வராது என்பது அவர் கருத்து. அது நமக்கும் பொருந்தும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதன் பின்வந்த குடியேற்றங்களும் நம்மவர் நெஞ்சில் ஏற்படுத்திய காயம் கற்பனையன்று. ஆயினும் வெளியிலிருந்து வரும் அநீதியைக் கண்டு பொங்கும் நாம், வீட்டுக்குள் இருக்கும் அநீதிக்குப் பாய் விரித்தால், நம் குரலுக்கு வலுவேது? தன் கூலியாளுக்கு நீதி மறுப்பவன் தனக்கு நீதி கேட்கும்போது, உலகம் ஒரு காதாலேயே கேட்கும்.

களரி காத்திருக்கிறது

“ஷாவின் நாடகம் வெறும் பேச்சு, கூத்துப் பார்த்து வளர்ந்த நம் கமக்காரன் அதைப் பொறுப்பானா?” என்று சிலர் கேட்கலாம். கேட்போர் கூத்தை அறியாதவர். வடமோடியில் வீரரிருவர் எதிரெதிர் நின்று தருக்கம் பாடும்போது, விடியும்வரை அசையாதிருந்து கேட்டவன் நம் கமக்காரன். வாதமே நாடகம் என்பதை ஷா அவனுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ (1968) ஆகியவற்றை மேடையேற்றி, மட்டக்களப்புக் கூத்தின் பெருமையை நாடறியச் செய்தார். அவர் மாணவரும் நம் மண்ணின் மைந்தருமான சி. மௌனகுரு அவர்கள் 1969இல் ‘சங்காரம்’ என்ற நாடகத்திற் சாதி, இன, மத, வர்க்க பேதங்களை அரக்கராக்கி, உழைப்போர் அவர்களை வெல்வதாக வடமோடி ஆட்டத்திலேயே காட்டினார். புராணத்துக்கு மட்டுமே கூத்து என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. எஞ்சியிருப்பது ஒரு படி. அரக்கனைக் களரியில் ஆடவிட்டோம். இனி ட்ரெஞ்சை ஆடவிட வேண்டும். அரக்கனை எல்லோரும் வெறுப்பர். ட்ரெஞ்சைக் கண்டு ஒவ்வொருவரும் தம்மை அறிவர்.

ஷா குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. 1931இல் சோவியத் நாடு சென்று திரும்பியவர், அங்கே நடந்த கொடுமைகளைக் காண மறுத்தார். முசோலினிக்கும் நற்சொல் கூறினார். அடுத்தவன் கண்கட்டை அவிழ்த்தவர் தம் கண்ணைக் கட்டிக்கொண்டது வருந்தத்தக்கது. ஆனால் அவர் நமக்குத் தந்தது வழிபடுவதற்கு ஓர் உருவமன்று. உரசிப் பார்ப்பதற்கு ஓர் உரைகல். அதில் அவரையே உரசினாலும் தவறில்லை.

ஆகவே ஒன்று வேண்டுகிறேன். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவக மாணவரும், படுவான்கரையின் அண்ணாவிமாரும் ஒன்றுகூடி, ஷாவின் முதல் நாடகத்தை நம் வாவிக் கரைக் கதையாக்கிக் கூத்தாகப் பழகட்டும். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழர்க்கு விளக்க 1926இல் ‘மதங்க சூளாமணி’ தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த மண்ணுக்கு இது புதிய பணியன்று. அரங்கேற்றம் நகர மண்டபத்தில் வேண்டாம். பெரும்போக அறுவடை முடிந்தபின், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் களரியொன்றில் நடக்கட்டும். எழுவான்கரை வைத்தியரும், சட்டத்தரணியும், ஆசிரியரும், எழுதுவினைஞரும் பாலத்தைக் கடந்து சென்று, மணலிற் பாய் விரித்துக் கமக்காரரோடு சமமாக அமர்ந்து பார்க்கட்டும்.

பாலம் 2014இலேயே கட்டியாயிற்று. கடந்து போக வேண்டியவர்கள் நாம்.