விடையும் உறுதியும்

ஒரு மட்டையும் ஒரு பந்தும் சேர்ந்து ஒரு டாலர் பத்து சென்ட். மட்டையின் விலை பந்தின் விலையைவிட ஒரு டாலர் அதிகம். பந்தின் விலை என்ன? பத்து சென்ட் என்று மனம் உடனே சொல்லிவிடுகிறது. அதைக் கணக்கில் திரும்ப வைத்துப் பார்த்தால் மொத்தம் ஒரு டாலர் இருபது சென்ட் ஆகிவிடும். சரியான விடை ஐந்து சென்ட்.

அமெரிக்க ஆய்வாளர் ஷேன் ஃப்ரெடெரிக் 2005இல் வெளியிட்ட கட்டுரையில் இக்கணக்கு உள்ளது. அதில் என்னை யோசிக்க வைத்தது வேறொரு செய்தி. எத்தனை பேர் இதைச் சரியாகச் செய்வார்கள் என்ற கேள்விக்குத் தவறான விடை தந்தவர்கள் 92 விழுக்காட்டினர் என மதிப்பிட்டார்கள். சரியான விடை தந்தவர்கள் 62 விழுக்காட்டினர் என்றார்கள். இடறியவருக்கு வழி சமதளமாகவே தெரிந்திருக்கிறது. நின்று பார்த்துக் கடந்தவருக்குத்தான் பள்ளம் தெரிந்திருக்கிறது.

எளிதாகக் கிடைத்ததைச் சரியானதென்று கொள்ளும் இம்மயக்கம் கணிதத்துக்கு மட்டும் உரியதன்று. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த உ.வே. சாமிநாதையர், தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்கினார். சிந்தாமணி படித்ததுண்டா என்ற கேள்வியில் அந்த நிறைவு கலைந்தது. பிறகு அவர் மேற்கொண்ட வழி கடினமானது: சுவடிகளைத் தேடி ஒப்பிடுதல், சமணரிடம் அவர்தம் மரபைக் கேட்டறிதல், பாடபேதங்களைக் குறித்தல். 1887இல் சீவக சிந்தாமணியும் 1894இல் புறநானூறும் அச்சேறின. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை; வேறு சிலவற்றில் அடிகள் சிதைந்துள்ளன. யாப்பில் வல்லவரான ஐயருக்கு அவ்விடங்களை நிரப்புவது அரிய செயலாயிராது. அவர் புள்ளிகளிட்டு விட்டுவிட்டார். அப்புள்ளிகளைக் கண்டதால்தான் மற்ற அடிகளை நாம் நம்பி வாசிக்கிறோம்.

ஐயுறுவதே அறிவு என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் ஐயுறுபவர் எந்த விடையையும் எழுதமாட்டார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தவருக்கு, எதில் எவ்வளவு உறுதி கொள்ளலாம் என்ற அளவு கிடைக்கிறது. விரைந்து வந்தவரிடம் உறுதி உண்டு, அளவு இல்லை.

நம் தேர்வுகள் இந்த அளவைக் கற்பிக்கின்றனவா? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, சங்கப் பாடலொன்றுக்கு இருவகையாகப் பொருள் எழுதி, எது பொருந்தும் எனத் துணிய இயலவில்லை என்பதையும் காரணத்தோடு குறித்திருந்தார். வழிகாட்டி நூலில் கண்ட ஒரே பொருளைத் தயங்காமல் எழுதியவருக்கு, அவரைவிட இரண்டு மதிப்பெண் கூடுதலாக இட்டேன். கையில் இருந்த விடைக்குறிப்பு அப்படித்தான் சொன்னது. ஆயினும் திருத்திய கை என்னுடையது. அந்த இரண்டு மதிப்பெண் இன்றும் உறுத்துகிறது.

விடையின் கீழே, ‘இதை எவ்வாறு கண்டடைந்தீர்கள், எவ்விடத்தில் ஐயம் உள்ளது’ என இரண்டு வரி எழுதச் சொல்லலாம். அவ்வரிகளுக்கும் மதிப்பெண் இடலாம். அதற்குப் பாடத்திட்டம் மாறவேண்டியதில்லை. முதலில் ஆசிரியராகிய நாங்கள், வகுப்பில் ஒரு பாடலின் முன் நின்று, ‘இவ்வடி எனக்குத் தெளிவாகவில்லை’ என்று சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும்.