தடையற்ற வண்டியும் தடம்புரண்ட அறிவும்

மிதிவண்டிகளுள் எளிமை மிக்கது நிலைப்பல் மிதிவண்டி. 'பிக்சட் கியர்' என மேலைநாட்டார் வழங்கும் அவ்வண்டியில், பின்னுருளியும் அதன் பல்வட்டும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவை. உருளி சுழலும் வரை மிதியும் சுழலும். மிதி நின்றால் உருளியும் நிற்கும். சரிவில் இறங்கும்போதும் ஓட்டுவோன் கால்களுக்கு ஓய்வில்லை.

அவ்வெளிமையைக் காட்டி இரு பொய்கள் பரப்பப்படுகின்றன. 'கால்களே தடை, கைத்தடை எதற்கு?' என்பது முதற்பொய். 'உறுப்புகள் குறைவு, பேணுதல் எதற்கு?' என்பது இரண்டாம் பொய். முன்னது உயிரைக் கொல்லும்; பின்னது வண்டியைக் கொன்று, பின் உயிரையும் கொல்லும்!

தடையில்லா வண்டி பிறந்த இடம் தெருவன்று. போட்டிக்கென வளைத்துக் கட்டிய ஓடுதளம். ஆங்கே அனைவரும் ஒரே திசையில் விரைவர். குறுக்கே வரும் குழந்தை இல்லை. திடுமெனத் திறக்கும் உந்துவண்டிக் கதவு இல்லை. ஒருவன் சட்டென நின்றால் பின்வருவோர் அவன்மேல் மோதுவர். ஆகவே தடையின்மையே ஆங்குக் காப்பு. சப்பானின் கொக்குரா நகரில் 1948-இல் தொடங்கிய 'கெய்ரின்' போட்டியின் வண்டிகளும் அத்தகையனவே. நியூயார்க்கின் மடல்சுமக்கும் இளைஞர் அவ்வகை வண்டியைத் தெருவிற்குக் கொணர்ந்தனர். 2000-க்குப் பின் உலக நகரங்கள் பலவும் அதை ஒப்பனைப் பொருளாக்கின. களத்தின் முறையைத் தெருவிற்குச் சட்டமாக்குவது வீரமா? அறியாமையன்றோ!

விரைவைத் தணிக்கும்போது ஓட்டுவோன் எடை முன்னோக்கிச் சாய்கின்றது. பின்னுருளியின் பிடி தளர, முன்னுருளியின் பிடி வலுக்கின்றது. எனவே வண்டியை நிறுத்தும் பேராற்றல் முன்தடைக்கே உண்டு. காலால் நிறுத்துவோன் பின்னுருளியை மட்டுமே நம்புகின்றான். இயற்கையின் இவ்விதி எவனுடைய தொடைவலிக்கும் அஞ்சுவதில்லை!

ஆங்கில நாட்டின் 1983-ஆம் ஆண்டு விதிகள் இதையுணர்ந்தே, நிலைப்பல் வண்டிக்கும் முன்தடையைக் கட்டாயமாக்கின. ஆயினும் 2016 பிப்பிரவரியில் இலண்டன் தெருவொன்றில் முன்தடையில்லா வண்டி ஒன்று மோதி, இரு மக்களுக்குத் தாயான ஒருத்தி உயிரிழந்தாள். ஓட்டியவன் அகவை பதினெட்டு. 2017-இல் வழக்குமன்றம் கொலைக்குற்றத்தினின்று அவனை விடுவித்தது. எனினும் 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 18 திங்கள் காவல் விதித்தது. கையளவு இரும்பைத் துறந்த 'அழகு', ஒரு குடும்பத்தைத் தாயற்றதாக்கிற்று!

இனி, காலால் இழுத்து நிறுத்துவோரின் கணக்கறிவைக் காண்க. முன்வட்டில் 48 பற்களும் பின்வட்டில் 16 பற்களும் அமைத்தால், மிதி ஒருமுறை சுற்ற உருளி மும்முறை சுற்றும். ஆகவே ஒரே காலை முன்வைத்து நிறுத்துந்தோறும் டயரின் ஒரே இடம் தரையில் தேயும். பின்வட்டை 17 ஆக்குக. தேய்வு 17 இடங்களுக்குப் பகிர்ந்து செல்லும். ஒரு பல்லின் வேறுபாடு இது! வண்ணம் தேர்ந்தெடுக்கத் தெரிந்தோர் இவ்வெண்ணைத் தேர்ந்தெடுக்கக் கற்றனரா?

பின்வட்டைப் பூட்டும் முறையிலும் அறிவு வேண்டும். வட்டு வலமரையில் ஏறும். மிதியைப் பின்னழுத்தும்போதோ அது கழலவே முயலும். அதனைத் தடுக்க அதன்மேல் இடமரை வளையம் ஒன்று முடுக்கப்படும். வட்டு கழலத் திரும்பினால் வளையம் இறுகும். எத்துணை நுண்மை! இவ்வளையத்திற்கு இடமற்ற பொதுக்குடத்தில் பசை தடவி வட்டைப் பூட்டும் கடைகளும் உள. நடுச்சாலையில் வட்டு கழன்றால், காலையே தடையாக நம்பியவனுக்கு எது துணை?

கிராங்கு எனப்படும் மிதிக்கோலே மிகுதியும் புறக்கணிக்கப்படும் உறுப்பு. பொதுவண்டியில் அது முன்னோக்கியே அழுத்தம் பெறும். நிலைப்பல் வண்டியிலோ முன்னும் பின்னுமாக மாறிமாறி வதைபடும். சதுர அச்சு எஃகு. அதன்மேல் ஏறிய கோல் பெரும்பாலும் அலுமினியம். திருகு சிறிதே தளர்ந்தாலும் வல்லெஃகு மெல்லலுமினியத்தைத் தின்னும். சதுரத் துளை உருண்டையாகும். பின்னர் எத்துணை முடுக்கினும் நில்லாது. புதிதாய்ப் பூட்டிய கோலை முதற்சில ஓட்டங்களுக்குப்பின் மீண்டும் முடுக்கிப் பார்த்தல் வேண்டும். மிதிக்குந்தோறும் 'கிறுக்' எனக் கேட்பின், அன்றே இறங்கி நோக்குதல் வேண்டும். கழற்றும்போது கழற்றியின் மரை முழுமையாய் ஏறியபின்னரே அழுத்துதல் வேண்டும். அரைகுறையாய் ஏற்றி இழுத்தால் கோலின் மரை சிதையும். இவற்றிற்குச் செல்வம் வேண்டா. சில மணித்துளிகளும் ஒரு முடுக்கியும் போதும்.

தொடரியும் அவ்வாறே. மிகத் தளர்ந்தால் கழன்று சிக்கும். மிக இறுகினால் குண்டுகளைத் தேய்க்கும். பல்வட்டுகள் முற்றும் வட்டமாய் அமைவது அரிது. எனவே மிதியை முழுச்சுற்றுச் சுழற்றி, தொடரி மிக இறுகும் இடத்தில் அளவு பார்க்க. அவ்விடத்திலும் ஏறத்தாழ ஒரு செ.மீ. அசைவு இருத்தல் நன்று. சுழலும் தொடரியைத் துணியால் துடைப்போர் விரலிழப்பர். இவ்வண்டியில் உருளி இடையில் நின்று இரங்காது!

உறுப்புகள் குறையக் குறைய, எஞ்சிய ஒவ்வொன்றின் பொறுப்பும் கூடுகின்றது. எளிமை என்பது அறிவின் கனி, சோம்பலின் மறைப்பன்று. முன்தடை பூட்டுக! இடமரை வளையம் முடுக்குக! மிதிக்கோலின் ஒலிக்குச் செவிகொடுக்க! பேணத் தெரியாதவன் வண்டிக்கு உரியவனல்லன். அதன்மேல் ஏறிய சுமையே!