பதினாறு வயதினரின் கோடைகாலம்: சீனர்கள் செய்வதும் நாம் செய்யாததும்

நோர்வேயில் யூன் மாத நடுப்பகுதியில் பள்ளிகள் மூடப்பட்டால் ஓகஸ்ட் நடுப்பகுதிவரை ஏறக்குறைய எட்டு வாரங்கள் விடுமுறை. வெஸ்ட்லியிலும் அதனை அண்டிய ஸ்தொவ்னர், றொம்மன் பகுதிகளிலும் வாழும் எமது குடும்பங்கள் பல இக்காலத்தில் யாழ்ப்பாணத்திற்கோ சென்னைக்கோ பயணமாகின்றன. போகும்போது பெட்டி நிறையச் சொக்லேட், திரும்பும்போது மிளகாய்த்தூளும் பனங்கட்டியும். பிள்ளைகள் உறவினர் வீடுகளில் விருந்துண்டு, நாள் கூடிவந்தால் நல்லூர்த் திருவிழாவையும் கண்டு திரும்புகின்றனர். அவர்கள் தாயகத்தைப் பார்த்தார்கள் என்பதில் ஐயமில்லை. அங்கே எதையேனும் கற்றார்களா என்பதே எமது வினா.

இதே வயதுடைய சீன வம்சாவளிப் பிள்ளைகளின் கோடைகாலத்தைச் சற்று நோக்குவோம். சீன அரசின் வெளிநாட்டுச் சீனர் விவகார அலுவலகம் 1999இல் 'சீன வேர்தேடும் பயணம்' என்னும் கோடை முகாமைத் தொடங்கியது. இதில் பெரும்பாலும் 12 முதல் 18 வயது வரையான பள்ளி மாணவர்களே சேர்க்கப்படுகின்றனர். பொதுவாக விமானச் செலவு பெற்றோருடையது. தங்குமிடமும் கல்வியும் அழைப்பவர் பொறுப்பு. இரண்டு வாரமளவில் மொழி வகுப்பு, தூரிகை எழுத்து, காகிதம் வெட்டும் கலை, தற்காப்புக் கலை, வரலாற்று இடங்கள் என நாள்கள் கழிகின்றன. 2010 யூலையில் பீக்கிங்கில் நடந்த தொடக்க விழாவில் ஏறக்குறைய 6,000 பிள்ளைகள் கூடினர். அன்று துணை அதிபராக இருந்த சி சின்பிங் அவர்கள் முன் உரையாற்றினார். தாய்வானோ இதற்கு வெகுமுன்னரே, 1967இல், தனது கோடைக்காலக் கல்விச் சுற்றுலாவைத் தொடங்கியிருந்தது.

சீன இரத்த உறவு இல்லாதவர்களும் இந்த வயதையே தெரிந்தெடுத்தனர். அமெரிக்க வெளியுறவுத் துறை 2006இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம், 15 முதல் 18 வயதுடைய உயர்பள்ளி மாணவர்களைச் சீனம் உள்ளிட்ட மொழிகளைக் கற்க அம்மொழிகள் வழங்கும் நாடுகளுக்கே அனுப்பியது. காரணம் வெளிப்படையானது. பதினாறு வயதில் ஒருவர் தனியே பயணிக்கவும் சிந்திக்கவும் வல்லவர். ஆயினும் நா இன்னும் இறுகிவிடவில்லை.

எமது நிலைமை என்ன? தாய் தமிழில் கேட்கிறார், பிள்ளை நோர்வேஜிய மொழியில் விடையளிக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வதால் இக்குறை குறையாகவே தெரிவதில்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் பத்தாண்டுகள் பனியிலும் மழையிலும் அழைத்துச் சென்ற பெற்றோரின் உழைப்பு, பிள்ளை மேல்நிலைப் பள்ளிக்குச் சென்றதும் பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடுகிறது. பதினெட்டு கடந்தால் பல்கலைக்கழகம், வேலை, வேறு நகரம்.

தமிழ்நாடு அரசு 2023இல் 'வேர்களைத் தேடி' என்னும் பண்பாட்டுப் பயணத் திட்டத்தை அறிவித்து, அயலகத் தமிழ் இளையோரைத் தமிழகத்திற்கு அழைத்து வருகிறது. வரவேற்கத்தக்க முயற்சி. ஆயினும் அது 18 வயதில்தான் தொடங்குகிறது. அதன் வழித்தடமும் இயல்பாகவே தமிழகத்திற்குள் அமைகிறது. ஈழத்தமிழ்ப் பிள்ளைக்கு அது பாதி வேர்தான்.

சீனர்களை அப்படியே பின்பற்றுவோம் என்று நாம் கூறவில்லை. அவர்களது முகாமை நடத்திய அலுவலகம் 2018இல் சீனப் பொதுவுடைமைக் கட்சியின் ஐக்கிய முன்னணிப் பணித்துறைக்குள் கொண்டுவரப்பட்டது. தூரிகையுடன் விசுவாசமும் சேர்த்தே கையளிக்கப்படுகிறது. வெளிநாட்டுப் பிள்ளைக்கு மொழியை ஊட்டும் அதே அரசு, தன் எல்லைக்குள் திபெத்திய, உய்குர் மொழிவழிக் கல்வியைச் சுருக்கி வருகிறது. தனிச் சிங்களச் சட்டத்தைக் கண்ட எமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

எமக்கு அரசு இல்லை. ஆனால் ஒரு முன்மாதிரி உண்டு, அதுவும் நோர்வேயிலேயே உண்டு. தனிச் சிங்களச் சட்டம் வந்த அதே 1956இல்தான் குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் இந்நாட்டுக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் வந்த எமது இளைஞர்கள் பலர் நுழைந்த வாசல் எது? நோர்வேயின் மக்கள் உயர்பள்ளிகள். 1864இல் ஹாமாரில் தொடங்கிய இம்மரபில் தேர்வில்லை, மதிப்பெண் இல்லை. ஒரே கூரையின்கீழ் தங்கி, உண்டு, உழைத்துக் கற்பதே கல்வி. நோர்வேஜிய மொழியையும் வாழ்வையும் எமது முதல் தலைமுறையின் ஒரு பகுதியினர் கற்றது அவ்வாறுதான். அந்த முறையைத் திருப்பி யாழ்ப்பாணத்திற்குக் கொண்டுசென்றால் என்ன?

மூன்று வாரங்கள், 15 முதல் 17 வயதுடைய இருபது பிள்ளைகள் போதும். உறவினர் வீடுகளில் அல்லாது ஓரிடத்தில் தங்க வேண்டும். மாமியின் அன்பு மொழிக்கு நல்லதன்று, அவர் பிள்ளைக்காக ஆங்கிலம் பேசத் தொடங்கிவிடுவார். காலையில் வாசிப்பும் எழுத்தும். பின்னர் குருநகரில் வலை பின்னுபவருடன் ஒரு நாள், பனைத் தொழிலாளருடன் ஒரு நாள், 1981இல் எரிக்கப்பட்டு மீண்டெழுந்த யாழ் பொது நூலகத்தில் சில பிற்பகல்கள். தம் பேரன் பேத்தியின் ஊருக்குச் சென்று அங்குள்ள முதியோரின் பேச்சைப் பதிவுசெய்வதும் பாடமாகலாம் என்று சிலர் எண்ணலாம். பிள்ளைகள் தம் பாட்டன் பாட்டியின் ஊரில் அதைச் செய்வதே பொருத்தம். உள்ளூர் மாணவர்களும் சரிபாதியாக உடனிருக்க வேண்டும். உதவி பெறுவோராக அல்ல, சகமாணவராக. ஆசிரியர்களுக்கு உரிய ஊதியம் வழங்கப்பட வேண்டும். மேடைப் பேச்சுகளை முற்றாகத் தவிர்க்கலாம். கேள்விகளைப் பிள்ளைகளே எழுப்புவர்.

தாயகம் திரும்ப இயலாத குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. அப்பிள்ளைகளுக்காக இதே பாடத்திட்டத்தைத் தமிழகத்திலோ, கோடையில் வாடகைக்குக் கிடைக்கக்கூடிய ஒரு நோர்வே மக்கள் உயர்பள்ளிக் கட்டடத்திலோ நடத்த முடியும். பயணச்சீட்டுக்குப் பெற்றோர் எப்படியும் பணம் செலவிடுகின்றனர். மேலதிகமாகத் தேவைப்படுவது தங்குமிடமும் ஆசிரியர் ஊதியமுமே. எமது ஆண்டு விழாக்களின் மண்டப வாடகையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க செலவுதான்.

கோடைப் பயணச்சீட்டுகளைப் பல குடும்பங்கள் தை மாதத்திலேயே வாங்கிவிடுகின்றன. எனவே தமிழ்ப் பள்ளி நிருவாகத்தினரும் பெற்றோரும் யாழ்ப்பாணத்து ஆசிரியர்களுடன் பேசித் திட்டத்தை வகுக்க வேண்டியது இலையுதிர்கால விடுமுறைக்கு முன்னரே.